சூடாகும் பிராசசர்... காரைக்குடி வெயிலைத் தாங்குமா உங்க பிசி?

ரிவ்யூ வீடியோவில் 78 டிகிரி. நம்ம வீட்டில் அதே பிராசசர், அதே கூலர், ஆனா 93 டிகிரி. ‘கடைக்காரர் டூப்ளிகேட் கூலரைத் தலையில கட்டிட்டாரோ?’ன்னு சந்தேகம் வர்ற இடம் இதுதான். பெரும்பாலும் கடைக்காரர் பாவம். நீங்க பிசி வச்சிருக்கிற ரூம்தான் காரணம்.

காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போற ரோட்டில் இருக்கும் மானகிரியையே எடுத்துக்குவோம். சித்திரை, வைகாசியில் சிவகங்கை மாவட்டத்து வெயில் எப்படி இருக்கும்னு சொல்லத் தேவையில்லை. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற கான்கிரீட் ரூம், ஏசி கிடையாது, ஒரு ஃபேன் மட்டும் சுத்துது. மத்தியானம் உள்ளே 36, 37 டிகிரி சாதாரணம். நீங்க பார்த்த ரிவ்யூவோ ஐரோப்பாவிலயோ அமெரிக்காவிலயோ 21, 22 டிகிரி ரூமில் எடுத்தது. இந்த 15 டிகிரி வித்தியாசம் அப்படியே உங்க பிராசசர் தலையில் வந்து உட்காரும்.

கேமிங்குக்கு, எடிட்டிங்குக்கு, காலேஜ் ப்ராஜெக்ட்டுக்குன்னு இஎம்ஐ போட்டு பிசி அசெம்பிள் பண்ற யாரும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறதில்லை. போட்டுட்டா, பிராசசர், கூலர் ரெண்டிலேயுமே நீங்க எடுக்கிற முடிவு மாறும்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்ம ஊரில் ‘சிபியு’ன்னா மேஜைக்குக் கீழே இருக்கிற மொத்தப் பெட்டி. இந்தக் கட்டுரையில் அந்தப் பெட்டியை கேபினெட்னு சொல்லிடுவோம். நாம பேசப் போறது அதுக்குள்ளே, மதர்போர்டில் உட்கார்ந்திருக்கிற பிராசசரைப் பத்தி.

அயர்ன் பாக்ஸைவிட 15 மடங்கு

இன்டெல் கோர் ஐ9-14900கே, 2023-ல் வந்த பிராசசர். முழு வேகத்தில் ஓடும்போது இது இழுக்கிற மின்சாரம், இன்டெல் கொடுத்திருக்கிற கணக்குப்படி, 253 வாட். ஒரு ஃபேன் மின்சாரத்தை வாங்கி காற்றை நகர்த்துது, பல்பு வெளிச்சம் தருது. பிராசசர் என்ன தருது? கணக்குப் போடுது, அவ்வளவுதான். அதுக்குள்ளே போன 253 வாட்டும் கடைசியில் வெப்பமாத்தான் வெளியே வந்தாகணும்.

‘அயர்ன் பாக்ஸே 1,000 வாட் ஆச்சே, இது என்ன பெரிய விஷயம்?’னு கேட்கலாம். விஷயம் பரப்பளவில் இருக்கு. அயர்ன் பாக்ஸின் அடித்தட்டு சுமார் 150 சதுர சென்டிமீட்டர்னு வச்சுக்குவோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 7 வாட்கூட வராது. 14900கே-யின் உள்ளே இருக்கிற சிலிக்கான் சில்லு வெறும் 2.57 சதுர சென்டிமீட்டர், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு. 253-ஐ அதால் வகுத்தா ஒரு சதுர சென்டிமீட்டருக்கு கிட்டத்தட்ட 98 வாட். சட்டை தேய்க்கிற அயர்ன் பாக்ஸைவிட சுமார் 15 மடங்கு. அயர்ன் பாக்ஸ் சூடாகுறது அதோட வேலை. பிராசசரோ 100 டிகிரியைத் தாண்டக் கூடாது. கூலர் வேணும்கிறதுக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

எப்பவுமே இப்படி இருந்ததில்லை. 1993-ல் வந்த முதல் பென்டியம் சுமார் 15 வாட்தான். டிரான்சிஸ்டரைச் சின்னதாக்கினா அதுக்குத் தேவையான வோல்டேஜும் குறையும், அதனால் எத்தனை டிரான்சிஸ்டரை நெருக்கி அடைச்சாலும் சூடு ஏறாதுன்னு ஐபிஎம் விஞ்ஞானி ராபர்ட் டென்னார்டும் அவரது குழுவும் 1974-ல் காட்டியிருந்தாங்க. முப்பது வருஷம் இந்த விதி கம்ப்யூட்டர் உலகத்துக்கே சோறு போட்டது. 2000-களின் நடுவில் அது நின்னுபோச்சு. டிரான்சிஸ்டர் சின்னதாச்சு, ஆனா வோல்டேஜைப் பழையபடி குறைக்க முடியலை, கரன்ட் கசிய ஆரம்பிச்சது.

அடி வாங்கினது பென்டியம் 4. 2004-ல் வந்த ‘பிரெஸ்காட்’ மாடல்கள் 115 வாட் வரை போச்சு. அதே வருஷம் அடுத்த தலைமுறையான ‘தேஜஸ்’ பிராசசரை இன்டெல் கைவிட்டது. 4 கிகாஹெர்ட்ஸ் பென்டியம் 4 வரும்னு சொல்லிட்டு, அதையும் ரத்து பண்ணிச்சு. ஒரே கோரை வேகமா ஓட்டுற பாதை மூடினதாலதான் ரெண்டு கோர், நாலு கோர்னு போனாங்க. 2006-ல் வந்த கோர் 2 டியோ 65 வாட்டில் அதைவிட நல்லா ஓடிச்சு. அப்புறம் 2017-ல் ஏஎம்டி ரைசனோட திரும்பி வந்தது. போட்டி சூடு பிடிச்சது, பிராசசரும் சேர்ந்து சூடு பிடிச்சது. பெஞ்ச்மார்க் சார்ட்டில் ரெண்டு பார் மேலே தெரியணும்னா கொஞ்சம் கூடுதலா வாட்டை ஊத்து! இன்னைக்கு நாம வாங்குற டாப் மாடல்களின் கதை இதுதான்.

பெட்டியில் எழுதியிருக்கிற வாட்டை நம்பாதீங்க

14900கே பெட்டியில் முன்னாடி நிற்கிற எண் 125 வாட். அது ‘பேஸ் பவர்’. டர்போவில் ஓடும்போது 253. ஏஎம்டியும் சளைச்சதில்லை. ரைசன் 9 7950எக்ஸின் டிடிபி 170 வாட்னு போட்டிருப்பாங்க. சாக்கெட்டிலிருந்து அது இழுக்க அனுமதி 230 வாட். 65 வாட்னு போட்டிருக்கிற ரைசன் 5 7600-க்குக்கூட உண்மையான வரம்பு 88 வாட். கூலர் வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்த்து வாங்கணும்.

இன்னொரு பயமும் பலருக்கு இருக்கு. ‘95 டிகிரி காட்டுதே, வெடிச்சிடுமா?’ வெடிக்காது. ரைசன் 7000 வரிசையின் பெரிய மாடல்களை, முழு லோடில் 95 டிகிரியைத் தொடுற வரை வேகத்தை ஏத்திக்கிற மாதிரிதான் ஏஎம்டி டிசைன் பண்ணியிருக்கு. 14900கே-க்கு எல்லை 100 டிகிரி. எல்லையைத் தொட்டதும் பிராசசர் தானாவே வேகத்தைக் குறைச்சுக்கும். இதுதான் திராட்லிங். வெயிலில் நின்னு ரீல்ஸ் எடுக்கும்போது உங்க போன் திடீர்னு ஸ்கிரீன் வெளிச்சத்தைக் குறைச்சு, கேமராவைத் திணற வைக்குதே, அதே தற்காப்புதான். உடனே எதுவும் எரிஞ்சு போகாது. ஆனா காசு கொடுத்து வாங்கின வேகம் கிடைக்காது.

அதுக்காக வெப்பத்தை அலட்சியமா விடவும் முடியாது. 13, 14-ம் தலைமுறை இன்டெல் பிராசசர்களில் கேம் பாதியில் கிராஷ் ஆகுதுன்னு கிளம்பின புகார்கள் 2024-ல் பெரிசா வெடிச்சது. அளவுக்கு மீறின வோல்டேஜும் வெப்பமும் சேர்ந்து பிராசசரின் ஒரு பகுதியை நாளடைவில் பலவீனமாக்குதுன்னு இன்டெல்லே ஒப்புக்கிச்சு. ஆகஸ்ட் மாசம் திருத்தின மைக்ரோகோடை வெளியிட்டது, வாரன்டியை ரெண்டு வருஷம் நீட்டிச்சது. பல மதர்போர்டு கம்பெனிகள் பவர் லிமிட்டை 4,096 வாட்னு, அதாவது ‘லிமிட்டே இல்லை’ன்னு, வச்சு அனுப்பினதும் அப்போதான் எல்லாருக்கும் தெரிய வந்தது. ஏற்கெனவே பலவீனமான சில்லை இந்தத் திருத்தம் குணப்படுத்தாது. செகண்ட் ஹேண்டில் 13900கே, 14900கே மலிவா வருதுன்னு தாவுறவங்க இதை ஒரு நிமிஷம் யோசிங்க.

ரூமைத் தாண்டி எந்தக் கூலரும் குளிராது

கூலர் என்ன பண்ணுது? குளிரை உண்டாக்குறதில்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தூக்கிட்டுப் போகுது. பிராசசர் மேல் செம்புத் தட்டு, அதிலிருந்து கிளம்புற ஹீட் பைப், அதில் கோத்த அலுமினியத் தகடுகள், தகடுகள் மேல் ஊதுற ஃபேன். ஹீட் பைப்பை வெறும் செம்புக் கம்பின்னு நினைக்காதீங்க. உள்ளே கூடு. காற்றை உறிஞ்சி எடுத்துட்டு, சில துளி தண்ணீர் மட்டும் விட்டிருப்பாங்க. அழுத்தம் குறைவா இருக்கிறதால் தண்ணீர் 100 டிகிரி வரை காத்திருக்காம, குறைஞ்ச சூட்டிலேயே ஆவியாகி மேலே ஓடும். தகடு இருக்கிற குளிர்ந்த முனையில் சூட்டை இறக்கி வச்சுட்டு மறுபடி தண்ணீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியா கீழே திரும்பும். இட்லிப் பானை மூடியில் நீர் கோக்குற அதே சமாச்சாரம்.

அந்தச் செம்புத் தட்டு வெள்ளி மாதிரி மின்னுறதுக்குக் காரணம், மேலே பூசியிருக்கிற நிக்கல் முலாம். செம்பு கறுத்துப் போகாமல் இருக்க இந்தப் பூச்சு. இந்த மின்முலாம் பூசுறதையும் உலோக அரிப்பையும் பத்தி இந்தியாவில் ஆராய்ச்சி பண்ற முக்கியமான இடம் காரைக்குடியிலேயே இருக்கு. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல் திறக்கப்பட்ட சிக்ரிதான் அது. கூலரைப் பிரிச்சுப் பார்க்கிற இன்ஜினீயரிங் பசங்களுக்காகச் சொல்றேன்.

விஷயத்துக்கு வருவோம். தகடு மேல் ஊதுற காற்று எவ்வளவு சூடோ, அதுக்குக் கீழே பிராசசர் ஒருபோதும் போகாது. லிக்விட் கூலரிலும் இதேதான். தண்ணீர் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகும். ரேடியேட்டரை ஆத்துறது அதே 37 டிகிரி காற்று.

கணக்கு ரொம்பச் சுலபம். பிராசசர் வெப்பம் = ரூம் வெப்பம் + (வாட் × கூலரின் எண்). ஒரு நல்ல கூலருக்கு அந்த எண், பேச்சுக்கு, 0.28-னு வைங்க. ஒரு வாட்டுக்கு 0.28 டிகிரி ஏறும்னு அர்த்தம். 253 வாட்டுக்கு 71 டிகிரி. ரிவ்யூ எடுத்தவர் ரூம் 22, மொத்தம் 93. தப்பிச்சார். நம்ம ரூம் 37, மொத்தம் 108. எல்லை 100 தானே? ஆக, திராட்லிங் நிச்சயம். இப்போ அதே கூலர், அதே ரூம், பிராசசருக்கு 180 வாட் மட்டும்னு கட்டுப்பாடு போட்டா? 50 டிகிரி ஏறி, 87-ல் நிற்கும்.

பெரிய கூலர் வாங்கி 0.28-ஐ 0.25 ஆக்க சில ஆயிரம் ரூபாய் ஆகும். பலனா இந்தக் கணக்கில் 253 வாட்டுக்கு ஏழெட்டு டிகிரி குறையும். வாட்டைக் குறைக்கிறதுக்கு ஒரு பைசா ஆகாது, 20 டிகிரி குறையும்.

10% வேகம், 27% மின்சாரம்

‘வாட்டைக் குறைச்சா வேகமும் போயிடுமே?’ போகும். எவ்வளவு போகும்கிறதுதான் சுவாரஸ்யம். சில்லு இழுக்கிற பவர் வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறுது. வோல்டேஜுக்கோ அதன் வர்க்கத்தில் ஏறுது. வேகத்தைக் கூட்டணும்னா வோல்டேஜையும் கூட்டணும். இதைத் திருப்பிப் போடுங்க. வேகத்தை 10% குறைச்சு, கூடவே வோல்டேஜையும் 10% குறைச்சா, 0.9 × 0.9 × 0.9. வருவது 0.729. அதாவது 10% வேகத்தை விட்டுக்கொடுத்தா 27% மின்சாரம் மிச்சம். டாப் மாடல்களில் கடைசி 50, 70 வாட் வாங்கித் தர்றது பெஞ்ச்மார்க்கில் சில சதவிகிதம்தான். கேம் விளையாடும்போது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுதான் வேகத்தைத் தீர்மானிக்கிறதால், இந்த இழப்பு கண்ணுக்கே தெரியாது.

ஏஎம்டி ரைசன் 7000, 9000 வரிசை வச்சிருந்தா பயாஸில் ‘ஈகோ மோட்’னு இருக்கும். 170 வாட் மாடலை 105 வாட் மோடுக்கு மாத்தினா உண்மையான வரம்பு 230-லிருந்து 142 வாட்டுக்கு வந்துடும். 65 வாட் மோடில் 88. இன்டெல்னா பயாஸில் பிஎல்1, பிஎல்2-ன்னு ரெண்டு பவர் லிமிட் இருக்கும். சில போர்டுகளில் ‘லாங் டியூரேஷன்’, ‘ஷார்ட் டியூரேஷன்’ பவர் லிமிட்னு எழுதியிருக்கும். ரெண்டையும் 150-லிருந்து 180-க்குள் வச்சுப் பாருங்க. கையோட பயாஸையும் அப்டேட் பண்ணிடுங்க. 2024 பிரச்னைக்கான திருத்தம் அதில்தான் இருக்கு. அண்டர்வோல்ட்னு இன்னொரு வித்தையும் உண்டு. பொறுமையா டெஸ்ட் பண்ணணும், தப்பாப் போனா சிஸ்டம் தொங்கும். புதுசா வர்றவங்க முதலில் பவர் லிமிட்டோட நிறுத்திக்கலாம்.

கரன்ட் பில்லையும் பார்த்துடுவோம். கல்யாண வீடியோ எடிட் பண்ணி ரெண்டரில் போட்டுட்டு, தினம் 8 மணி நேரம் 250 வாட்டில் பிராசசர் ஓடுதுன்னு வச்சுக்குவோம். ஒரு நாளைக்கு 2 யூனிட். ரெண்டு மாசத்துக்கு 120 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாசத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் இல்லையா? அதை மொத்தமா பிராசசர் ஒண்ணே சாப்பிட்டுட்டு இன்னும் கேட்கும். 180 வாட்னா 86 யூனிட். கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர் எல்லாம் தனிக் கணக்கு.

அதோட, இந்தச் சூடெல்லாம் உங்க ரூமுக்குத்தான் வருது. முழு பிசியும் 500 வாட் இழுத்தா, மே மாசத்தில் ரூமுக்குள்ளே ஒரு குட்டி ஹீட்டரைப் போட்டுட்டு உட்கார்ந்த மாதிரி. ஒரு டன் ஏசி வெளியே தள்ளுறது சுமார் 3,500 வாட் வெப்பம். அதில் ஏழில் ஒரு பங்கு உங்க கேமுக்கே சரியாப் போயிடும். யுபிஎஸ்ஸும் அப்படித்தான். கடையில் சாதாரணமா தர்ற 600 விஏ யுபிஎஸ் தாங்குறது பெரும்பாலும் 360 வாட். ஐ9-ம் பெரிய கிராபிக்ஸ் கார்டும் சேர்ந்து முழு லோடில் ஓடும்போது கரன்ட் போனா, அது சேவ் பண்ணக்கூட டைம் தராது.

செட்டிநாட்டு வீடு தெரிஞ்ச வித்தை

கேபினெட்டில் காற்று எப்படிப் போகணும்னு புரியணும்னா யூடியூப் வேண்டாம், கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குள் போய் நில்லுங்க. முன்வாசலில் நின்னா பின்வாசல் வரை நேர்கோட்டில் தெரியும். நடுவில் வானம் பார்த்த முற்றம். சூடான காற்று மேலே போக வழி, குளிர்ந்த காற்று நுழைய வழி, குறுக்கே எதுவும் நிற்காது. கேபினெட்டும் அதேதான்: முன்பக்க ஃபேன் காற்றை உள்ளே இழுக்கணும், பின்பக்க, மேல்பக்க ஃபேன் வெளியே தள்ளணும். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியுற பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். மாட்டும்போது அதைக் கவனிச்சாப் போதும்.

முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி மூடின கேபினெட்டுகளைத் தயவுசெஞ்சு வாங்காதீங்க. பார்க்க அழகு, சந்தேகமில்லை. ஆனா முன்கதவைச் சாத்திட்டு காற்று வரலையேன்னு புலம்புற கதை. வலை போட்ட முன்பக்கம், கழற்றிக் கழுவுற தூசி வடிகட்டி, இதுதான் நம்ம ஊருக்கு. செம்மண் புழுதி தகடுகளுக்கு இடையில் கம்பளி மாதிரி படியும். மாசம் ஒருமுறை வடிகட்டியைக் கழுவுங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிரஷ், புளோயர் வச்சு கூலரைச் சுத்தம் பண்ணுங்க. புளோயர் அடிக்கும்போது ஃபேன் சுத்தாமல் விரலால் பிடிச்சுக்கங்க. தண்ணீர் ஊத்துற ஏர் கூலரை கேபினெட் பக்கம் திருப்பி வைக்கிறதும் வேண்டாம். ஈரமும் புழுதியும் சேர்ந்தா சேறு, அப்புறம் துரு.

ஏர் கூலரா, லிக்விட் கூலரா? இங்கே ‘கூலர்’னு சொல்றது பிராசசர் மேல் மாட்டுறதைத்தான். என் ஓட்டு ஏர் கூலருக்கு. ஃபேன் கெட்டா உள்ளூர்க் கடையிலேயே வேற ஒண்ணு வாங்கி மாட்டிடலாம். லிக்விட் கூலரில் பம்ப் நின்னுபோச்சுன்னா மொத்தமா கழற்றி வாரன்டிக்கு அனுப்பணும், அது வர்ற வரை பிசி சும்மா கிடக்கும். ரெண்டு ஃபேன் கோபுரம் மாதிரியான ஏர் கூலர் 180 வாட்டைச் சுலபமா சமாளிக்கும். வாங்குறதுக்கு முன்னாடி உயரத்தைப் பாருங்க. நோக்டுவா என்ஹெச்-டி15 மாதிரிப் பெரிய கூலர் 165 மில்லிமீட்டர். பல கேபினெட்டுகளில் பக்கக் கதவு மூடாது. மாட்டும்போது அடித்தட்டில் ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஸ்டிக்கரை உரிக்க மறக்காதீங்க. சிரிக்காதீங்க, நிறைய பேர் மறக்கிறாங்க.

புதுசா வாங்கப் போறவங்களுக்கு நேரடியாவே சொல்லிடுறேன். கேமிங்தான் முக்கியம்னா ஐ9 தேவையே இல்லை. ரைசன் 7 7800எக்ஸ்3டி, 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி ரெண்டும் கேமில் பெரும்பாலும் 100 வாட்டுக்குக் கீழேயே ஓடுது, வேகத்திலும் முன்வரிசை. 9800-ல் கூடுதல் கேஷ் மெமரியை கோர்களுக்கு அடியில் கொண்டுபோய் வச்சதால் சூடு நேரா கூலருக்குப் போகுது. 7800-ன் எல்லை 89 டிகிரி, 9800-க்கு 95. படிப்பு, கோடிங், அளவான கேமிங்னா ரைசன் 5 7600 மாதிரி ஒண்ணு, பெட்டியோட வர்ற கூலரே போதும். எடிட்டிங், ரெண்டர்னு நிஜமாவே நிறைய கோர் வேணும்னா மட்டும் 16 கோர் மாடலை வாங்கி, முதல் நாளே ஈகோ மோடில் போடுங்க. பெட்டிக்குள்ளே கூலர் வராது, அதுக்குத் தனியா பட்ஜெட் ஒதுக்கணும்.

ஏற்கெனவே பிசி வச்சிருக்கீங்களா? இந்த வாரமே டெஸ்ட் பண்ணிடலாம். மத்தியானம் 2 மணிக்கு, ரூம் நல்லாச் சூடா இருக்கும்போது, எச்டபிள்யூஇன்ஃபோ சாஃப்ட்வேரைத் திறந்து வச்சுட்டு சினிபெஞ்ச் ஆர்23-ஐ 10 நிமிஷம் ஓட்டுங்க. ரூம் வெப்பத்தை ஒரு தெர்மாமீட்டரில் பார்த்துக் குறிச்சுக்கங்க. பிராசசர் காட்டுற டிகிரியிலிருந்து அதைக் கழிச்சு வர்ற எண்ணைத்தான் ரிவ்யூக்களோடு ஒப்பிடணும், நேரடியா ஒப்பிடக் கூடாது. அந்த வித்தியாசம் போன வருஷத்தைவிட 10 டிகிரிக்கு மேல் கூடியிருந்தா முதலில் தூசியைத் துடைங்க; அப்பவும் குறையலைன்னா பழைய தெர்மல் பேஸ்ட்டைச் சுத்தமா எடுத்துட்டு, பட்டாணி அளவு புதுசு வச்சு கூலரை மாட்டுங்க.